அன்னம் என்றால் ஸ்வான்தானா? பாப்பாவின் படம் தவறு என்று சொல்லிவிட்டார்கள்

தகடூர்க்காரி

வணக்கம். தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். பறவைகளும் பழைய பாட்டும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு ஓவியப் போட்டி நடந்தது. இலக்கியத்தில் வரும் ஒரு பறவையை வரையச் சொன்னார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் எங்கள் பாப்பா அன்னம் வரைந்தாள். எதைப் பார்த்து என்றால், எங்கள் ஆயா காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு வீட்டில் இருக்கிறது, அதன் உச்சியில் ஒரு அன்னம் உட்கார்ந்திருக்கும், குட்டைக் கழுத்து, புடைத்த நெஞ்சு, வால் மட்டும் கொடி மாதிரி சுருண்டு மேலே போகும். வெள்ளிக்கிழமைதோறும் அந்த விளக்கைப் புளி போட்டுத் துலக்குவது அவள் வேலை, அதனால் அந்தப் பறவையின் ஒவ்வொரு வளைவும் அவள் விரலுக்குத் தெரியும். படத்துக்குக் கீழே "நற்றாமரைக் கயத்தில் நல்லன்னம் சேர்ந்தாற்போல்" என்று ஔவையார் வரியையும் எழுதிக் கொடுத்தாள்.

பார்த்தவர், "இது அன்னம் இல்லை, கோழி மாதிரி இருக்கிறது, அன்னத்துக்குக் கழுத்து எஸ் எழுத்து போல வளைந்து நீளமாக இருக்க வேண்டும்" என்று சொல்லி போனில் ஒரு வெள்ளை ஸ்வான் படத்தைக் காட்டினாராம். பரிசு போனது பெரிய விஷயமில்லை. வீட்டுக்கு வந்து, "அப்படின்னா விளக்கில் இருப்பது பொய் அன்னமா அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நானும் சின்ன வயதிலிருந்து அன்னம் என்றால் ஸ்வான் என்றுதான் படித்தேன், காலண்டரில் தமயந்தி பக்கத்தில் நிற்பதும் அந்த நீளக் கழுத்துப் பறவைதான்.

நம் ஊர் ஏரிகளில் எப்போதாவது ஸ்வான் இருந்ததா? இல்லையென்றால் புலவர்கள் எதைப் பார்த்துப் பாடினார்கள்? பாலையும் நீரையும் பிரிப்பது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குழந்தையிடம் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரை ஓசூர்

அக்கா, பாப்பா வரைந்தது தவறில்லை, முதலில் அதை அவளிடம் சொல்லுங்கள்.

போனில் காட்டிய அந்த வெள்ளை ஸ்வான் ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் வாழும் பறவை. இந்தியாவின் வடமேற்கு மூலையில் கடுங்குளிர்க் காலத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு வழி தவறி வந்ததாகப் பதிவு இருக்கிறது, அவ்வளவுதான். தென்னிந்தியாவில் இயற்கையாக அது இல்லை. உயிரியல் பூங்காக்களில் பார்ப்பதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்ப்பவை.

ஆனால் அன்னம் நம்மிடம் வருகிறது, வருடா வருடம். வரித்தலை வாத்து என்று சொல்வார்கள், சிலர் பட்டைத்தலை வாத்து என்பார்கள். மங்கோலியா, திபெத், நம் லடாக் ஏரிகள் இங்கெல்லாம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்குள் இறங்கும், மார்ச் வாக்கில் திரும்பும். திருநெல்வேலியில் கூந்தன்குளம் வரைக்கும் வருகிறது. நமக்கு அதைவிடப் பக்கம் மைசூரைத் தாண்டி இருக்கும் ஹதினாரு ஏரி. நான் முதல்முதலாக அங்கேதான் பார்த்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓசூரிலிருந்து கிளம்பி விடியும் நேரத்தில் கரையில் போய் நின்றோம், பனி, ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் வெயில் ஏற ஏற தண்ணீருக்கு நடுவில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்திருப்பது மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கருப்புப் பட்டை. அலகும் காலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. எடை மிஞ்சிப்போனால் மூன்று கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு இமயமலையைத் தாண்டி வந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது இவற்றில் ஒன்று 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அதைவிடத் தாழ்வாக, பள்ளத்தாக்குகளை ஒட்டி மேடு ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கிப் போகும், அதிலும் ராத்திரியும் விடியற்காலையும்தான் அதிகம், குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் சிறகுக்குப் பிடி கிடைக்கும். இதன் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும்.

இன்னொன்று, நடை. ஸ்வானுக்குக் கால் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கும், நீந்த அது வசதி, தரையில் ஏறினால் தடுமாறும். இந்த வாத்து புல் மேயும் பறவை, வயல்வெளியில் மணிக்கணக்கில் நடந்து மேயும், கால் உடம்புக்கு நடுவாக இருப்பதால் தலையை நிமிர்த்தி லேசாக அசைந்து அசைந்து அழகாக நடக்கும். அன்ன நடை என்று நம் ஆட்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம். காகம் அன்ன நடை நடக்கப் போய்த் தன் நடையும் கெட்டது என்ற பழமொழியை ஸ்வானை வைத்துச் சொல்லவே முடியாது, அக்கா.

பாரூர் தமிழாசிரியர்

ஓசூர்த் தம்பி சொன்னதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறது அம்மா. நற்றிணை 356, பரணர் பாடியது. "நிலந்தாழ் மருங்கின் தெண்கடல் மேய்ந்த விலங்குமென் தூவிச் செங்கால் அன்னம்" என்று தொடங்கும். தெற்கே கடலோரம் மேய்ந்த அன்னம், பொன் போன்ற இமயத்து உச்சியில் இருக்கும் இன்னும் வளராத தன் குஞ்சுக்கு இரை கொண்டு போகிறதாம். இரண்டு செய்தி இதில் இருக்கிறது. ஒன்று, குஞ்சு இமயத்தில், மேய்ச்சல் தெற்கில். இன்னொன்று அந்தச் 'செங்கால்'. ஸ்வானுக்குக் கால் கருப்பு. அந்த ஒரு சொல்லே போதும் என்பேன்.

புறநானூறு 67 இன்னும் நேராகச் சொல்கிறது. பிசிராந்தையார், தான் நேரில் பார்த்தே இராத கோப்பெருஞ்சோழனுக்கு அன்னச் சேவலிடம் செய்தி சொல்லி அனுப்புகிறார். குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகிறாய் என்றால், நடுவில் சோழநாட்டில் கோழியூர் மாடத்தில் இறங்கு, நான் பிசிராந்தையின் ஆள் என்று சொல், உன் பேடை அணிந்துகொள்ள அவன் நல்ல நகை கொடுப்பான் என்கிறார். கோழி என்றால் உறையூர். குமரி, உறையூர், இமயம் என்று அவர் காட்டுவது ஒரு வலசைப் பாதை. எனக்கு வகுப்பில் மிகவும் பிடித்த பாட்டு இது, நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே பாட்டில் அன்னம் குமரித் துறையில் "அயிரை மாந்தி"ப் போவதாக வருகிறது. அயிரை மீன். தம்பி சொல்லும் வாத்து புல் தின்னும் பறவை ஆயிற்றே. ஆகவே அன்னம் என்ற சொல் ஒரே ஒரு பறவையைத்தான் குறித்தது என்று அடித்துச் சொல்ல நான் வரமாட்டேன். நீரில் வாழும் பெரிய வெள்ளைப் பறவைகள் இரண்டு மூன்றை அந்தப் பெயர் தழுவியிருக்கலாம், அதில் இமயம் போய்வரும் வாத்து தலையாய இடத்தில் இருந்திருக்கும்.

பால் விஷயம். பாலையும் நீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் குடிக்கும் பறவை உலகத்தில் கிடையாது, பாப்பாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதன் வாயில் புளிப்பு நீர் இருக்கிறது, பால் திரிந்துவிடும் என்று விளக்கம் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். எனக்குப் பொருத்தமாகப் படுவது பழைய விளக்கம் ஒன்று. தாமரைத் தண்டையும் கிழங்கையும் ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். தண்ணீருக்குள் தலையை விட்டு அதைத் தின்கிற பறவை, நீருக்குள்ளிருந்து பாலை எடுத்து உண்கிறது என்று சொன்னால் பொய்யில்லையே. நாலடியார் இதை அழகாகக் கல்விக்கு வைத்துச் சொல்கிறது, கல்விக்குக் கரை இல்லை, படிப்பவருக்கு நாள் குறைவு, அதனால் "நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து" படி என்று. அங்கே அன்னம் என்ற சொல்லே இல்லை, குருகு என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். நன்னூலும் முதல்தர மாணவனுக்கு உவமை தேடும்போது அன்னத்தையும் பசுவையும்தான் எடுக்கிறது.

பாப்பா எழுதிய வரி மூதுரையில் 24ஆவது பாட்டு. நம் தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையார் வேறு, மூதுரை எழுதியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். பெயர் ஒன்று என்பதால் நம் மாவட்டத்தில் இரண்டு பேரையும் ஒருவராகவே நினைத்துக்கொள்கிறோம், அந்தப் பாசம் எனக்கும் உண்டு, ஆனாலும் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லித்தர வேண்டும்.

சேலத்து மீனவன்

செங்கால், வெள்ளை உடம்பு, மீன் பிடிக்கிற இடம், எஸ் வடிவக் கழுத்து எல்லாம் பார்த்தால் பூநாரையாக இருக்கலாமே? பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் கூட்டம் கூட்டமாக நிற்கிறதே.

ஏரிக்கரை ஓசூர்

பூநாரை கட்ச் ரண்ணில் உப்புச் சேற்றில் கூடு வைக்கும் அண்ணா, இமயத்து உச்சியில் குஞ்சு வளர்ப்பது அதற்குப் பொருந்தாது. நெடுங்கால் அதன் முதல் அடையாளம், அன்னத்தைப் பற்றிப் பாடியவர்கள் அந்த நெட்டைக் காலைச் சொல்லாமல் விட்டிருப்பார்களா?

ஆசிரியர் ஐயாவின் அயிரைக் கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். அது என்னையும் இடறிக்கொண்டேதான் இருக்கிறது.

உளிச்சத்தம்

நான் கிருஷ்ணகிரி பக்கம், கல் வேலை. முப்பது வருஷமாக உளி பிடிக்கிறேன். பறவை விஷயம் மேலே சொன்னவர்கள் சொல்லட்டும், அந்தப் பிள்ளை வரைந்த விளக்கு அன்னத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

அந்தக் கழுத்து குட்டையாக இருப்பதற்குக் காரணம் தெரியாமை இல்லை. கல்லில் ஒரு பறவைக்கு மெல்லிய நீளக் கழுத்தை விட்டு வைத்தால் செதுக்கும்போதே போய்விடும், தப்பினாலும் கோயிலில் நாலு பேர் கை பட்டு உடைந்துவிடும். அதனால் கழுத்தை உடம்போடு சேர்த்து, இல்லையென்றால் திரும்பிப் பார்க்கிற மாதிரி வளைத்து முதுகில் சாய்த்து விடுவோம். வார்ப்பு வேலை செய்கிறவர்களுக்கும் இதே கவலைதான், விளக்கு தினமும் கைபடும் பொருள், துலக்கித் துலக்கி நூறு வருஷம் தாங்க வேண்டும். நாச்சியார்கோயில் பக்கம் வார்க்கும் குத்துவிளக்குகளில் அன்னம் எவ்வளவு கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்று தூக்கிப் பாருங்கள்.

வால் பறவையின் வாலே இல்லை. அது கொடிக்கருக்கு. தூணில், நிலையில், திருவாசியில் எல்லாம் ஓடுமே அதே இலைச்சுருள். இயற்கையில் அந்த வாத்துக்கு வால் குட்டை, அதை அப்படியே வைத்தால் பின்பக்கம் மொட்டையாக நிற்கும், அதனால் சிற்பி அங்கே ஒரு கொடியை ஏற்றிவிட்டான். என் வாத்தியார் வாலைக் கடைசியாகத்தான் போடச் சொல்வார். உடம்பு அன்னத்துடையது, வால் உன்னுடையது, உன் கை என்ன என்று வாலில்தான் தெரியும் என்பார்.

சந்தேகம் இருந்தால் பழைய சிவன் கோயிலில் கருவறைக்குப் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள். அடி தேடிப் பன்றியாக விஷ்ணு கீழே போவார், முடி தேடி அன்னமாகப் பிரம்மா மேலே பறப்பார். அந்த அன்னம் குண்டு உடம்பு, அகலச் சிறகு, பறக்கிற வாத்தேதான். நமக்குப் பக்கத்திலேயே கர்நாடகத்தில் ஒய்சளர் கட்டிய கோயில்கள் இருக்கின்றன, சோமநாதபுரத்தில் அடிப்பகுதியைச் சுற்றி யானை வரிசை, குதிரை வரிசை, அதற்கெல்லாம் மேலே அன்ன வரிசை ஓடும், ஒவ்வொன்றுக்கும் வால் ஒரு தினுசு. அந்த ஒய்சளரில் ஒரு கிளை நம் ஓசூர் பக்கத்துக் குந்தாணியிலிருந்துகூட ஆண்டது.

அப்புறம் அந்தக் காலண்டர் அன்னம். ராஜா ரவிவர்மா 1899-ல் தமயந்தியும் அன்னமும் வரைந்தார், அதில் இருப்பது ஐரோப்பிய ஸ்வான். அவர் அச்சகம் வைத்துப் படங்களை வீடு வீடாகப் போகவைத்தவர். நான் அவர் கைவேலையைக் கும்பிடுகிறவன், புடவை மடிப்பை அப்படி யாரும் போட முடியாது. ஆனால் நம் கண்ணில் இருந்த அன்னத்தை மாற்றியது அந்த மாதிரி அச்சுப் படங்கள்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் தாத்தாமார் யாரும் அப்படி ஒரு அன்னம் செதுக்கியதை நான் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை வரைந்த படத்தை இங்கே போடுங்கள் அம்மா. எனக்குப் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி டு டப்ளின்

சொந்த ஊர் கிருஷ்ணகிரி, பழையபேட்டை. இப்போது அயர்லாந்தில் வேலை. இங்கே கால்வாயில் தினமும் ஸ்வான் பார்க்கிறேன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையையும் பாப்பாவுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். ஸ்வான் தப்பான பறவை இல்லையே, அது வேறு பறவை, அதற்கும் பெரிய கதை இருக்கிறது.

கால் கருப்புதான், ஆசிரியர் சொன்னது சரி. ஆரஞ்சு அலகு, அலகின் அடியில் கருப்பாக ஒரு புடைப்பு. குஞ்சு சாம்பல் நிறம், சில நேரம் தாயின் முதுகில் ஏறிப் போகும். கூடு பக்கத்தில் போனால் சிறகைத் தூக்கிக்கொண்டு சீறும், ஒருமுறை என்னைத் துரத்தியிருக்கிறது. ஊமை ஸ்வான் என்று இங்கே பெயர், ஆனால் பறக்கும்போது சிறகிலிருந்து ஒரு ரீங்காரம் வரும், தலைக்கு மேலே போனால் நெஞ்சில் அதிரும். குளிர் தொடங்கினால் ஐஸ்லாந்திலிருந்து மஞ்சள் அலகுடைய இன்னொரு வகை வரும், அதற்குக் குரல் உண்டு, எக்காளம் மாதிரி.

சாகும்போது ஸ்வான் பாடும் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். விஷம் குடிக்கப் போகும் அன்று சாக்ரடீஸ், அது துக்கத்தில் பாடுவதில்லை, தன் தெய்வத்திடம் போகிற சந்தோஷத்தில் பாடுகிறது என்று சொன்னதாகப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் அப்படி ஒன்றும் பாடாது. பாலும் நீரும் மாதிரிதான் இதுவும்.

இந்த ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. லிர் என்ற ராஜாவுக்கு நான்கு பிள்ளைகள். சித்தி பொறாமையில் அவர்களை ஸ்வான்களாகச் சபித்துவிடுகிறாள், 900 வருடம், முந்நூறு முந்நூறாக மூன்று நீர்நிலைகளில். உருவம் போய்விட்டது, மனிதக் குரல் மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டது. அக்காள்தான் தம்பிகள் மூவரையும் குளிரில் தன் சிறகுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாள். டப்ளினில் விடுதலைக்காக உயிர் விட்டவர்களுக்கு எழுப்பிய நினைவுத் தோட்டத்தில் இந்தப் பிள்ளைகள் ஸ்வானாக மாறும் சிலையை 1971-ல் வைத்திருக்கிறார்கள். நான் இங்கே வந்த முதல் டிசம்பரில் அந்தச் சிலை முன்னால் நின்றபோது எங்கள் ஊரில் பாரதம் படிக்கிற ராத்திரிகள்தான் ஞாபகம் வந்தன. பாண்டவர் வனவாசத்தில் தர்மருக்கு நளன் கதை சொல்லும் இடம் வரும், அன்னம் தூது போகும், அம்மா மடியில் பாதித் தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். மகாபாரதத்தில் அந்த அன்னங்களுக்குப் பொன்னிறம் சொல்லியிருக்கிறது, வெள்ளை இல்லை. அதையும் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்வான் என்றால் வெள்ளை மட்டும்தான் என்று ஐரோப்பாவில் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், கருப்பு ஸ்வான் என்றால் நடக்காத காரியம் என்று பொருள். 1697-ல் டச்சு மாலுமிகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இறங்கினால் ஆறு முழுக்கக் கருப்பு ஸ்வான்.

தகடூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் இரண்டு நாளாகப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். லிர் கதையை மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாரூர் ஏரிக்குக் கூட்டிப்போனேன். வரித்தலை வாத்து இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. நாமக்கோழியும் முக்குளிப்பானும் இருந்தன, தூரத்தில் நத்தைகுத்தி நாரை நான்கைந்து. முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும் என்று விரல் நீட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கைத் துலக்கும்போது கொண்டையிலிருந்த அன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இது மலை தாண்டி வந்த வாத்து, அதனால்தான் நெஞ்சு இவ்வளவு பெருசு" என்று அவளாகவே சொன்னாள். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது தம்பி, ஆனால் நான் மறுத்துச் சொல்லவில்லை.

பழைய படத்தைக் கீழே போட்டிருக்கிறேன் ஐயா, ஓரம் கொஞ்சம் கசங்கியிருக்கும். இப்போது புதிதாக ஒன்று வரைகிறாள். கீழே குமரிக் கடல், மேலே பனிமலை, நடுவில் ஒரு மாடத்தில் அன்னம் இறங்கி நிற்கிறது. காலுக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்கிறாள். செங்கால் என்றால் சிவப்பா, நீங்கள் சொன்ன ஆரஞ்சா?

ஏரிக்கரை ஓசூர்

ஆரஞ்சு, அதன் மேலே லேசாக மஞ்சள் தேய்க்கச் சொல்லுங்கள். அலகுக்கும் அதே நிறம், நுனியில் மட்டும் ஒரு கருப்புப் புள்ளி. தலையில் முதல் பட்டை ஒரு கண்ணிலிருந்து பின்பக்கமாக மறு கண் வரைக்கும் போகும், இரண்டாவது அதற்குக் கீழே கொஞ்சம் சின்னது.

மார்ச்சில் கிளம்பிவிடும் அக்கா. பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் ஹதினாரு போகிறோம், வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. தொலைநோக்கி நான் கொண்டுவருகிறேன், பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உளிச்சத்தம்

படம் பார்த்தேன். வாலில் மூன்றாவது சுருள் உள்பக்கமாகத் திரும்புகிறதே, அது அந்த விளக்கில் இருக்கிறதா, இல்லை பிள்ளை தானாகப் போட்டதா?

தகடூர்க்காரி

கேட்டேன் ஐயா. விளக்கில் இரண்டு சுருள்தான். மூன்றாவது அவள் போட்டது.